சொல்வரிசை சொல்லும் செய்தி: கால்டுவெல் முதல் கிரீன்பெர்க் வரை



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்ற முறையில் இரண்டு கருத்துகளை நான் அடிக்கடி செவிமடுத்து வருகிறேன். ஒன்று, பெற்றோர் சிலர் கூறுவது. "மலாயும் ஆங்கிலமும் ஒரு வழியில் செல்கின்றன; தமிழ் மட்டும் தலைகீழாக இருக்கிறது; பிள்ளைகள் குழம்பிப் போகிறார்கள்" என்பது அவர்தம் கவலை. மற்றொன்று, தமிழ்ப்பற்று மிக்க அன்பர்கள் மேடைகளில் முழங்குவது. "சப்பானிய வாக்கியமும் தமிழ் வாக்கியமும் ஒரே வரிசையில் அமைகின்றன, ஆகவே சப்பானியம் தமிழிலிருந்து பிறந்தது" என்பார்கள் அவர்கள்.

முதற்கருத்து தமிழைத் தாழ்த்துகிறது. இரண்டாவது கருத்து தமிழை உயர்த்துவதாக எண்ணிக்கொள்கிறது. எனினும் இரண்டும் ஒரே அடித்தளத்தின்மேல் நிற்பவைதாம். வாக்கியத்தில் சொற்கள் அமரும் வரிசையே அவ்வடித்தளம். அதனை உலகளாவிய நிலையில் முறையாக ஆராய்ந்து மொழிகளை வகைப்படுத்திய ஓர் அறிஞரைப் பற்றியும், அவருக்கு நூறாண்டுக்கு முன்பே தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்துகொண்டு அவ்வுண்மையின் ஒரு பகுதியைக் கண்டுரைத்த மற்றோர் அறிஞரைப் பற்றியும் நாம் அறிந்துகொண்டால், இவ்விரு கருத்துகளையும் சரியாக எடைபோட இயலும்.

நம் பெயர்ப்பலகைகளே சான்று

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள பெருஞ்சாலைக்கு மலாய்மொழியில் 'ஜாலான் துன் சம்பந்தன்' என்று பெயர். அதையே நாம் தமிழில் 'துன் சம்பந்தன் சாலை' என்கிறோம். கிள்ளானில் நம் கடைகள் நிறைந்த தெரு 'ஜாலான் தெங்கு கிளானா'. தமிழில் அது 'தெங்கு கிளானா சாலை' ஆகிறது. மலாயில் முன்னால் நிற்கும் 'ஜாலான்' என்னும் சொல், தமிழில் 'சாலை' என்று பின்னால் வந்து நிற்கிறது.

'லெம்பா கிள்ளான்' என்பதைக் 'கிள்ளான் பள்ளத்தாக்கு' என்கிறோம். 'உனிவர்சிட்டி மலாயா' என்பதை 'மலாயாப் பல்கலைக்கழகம்' என்கிறோம். தலைநகரின் பெயரும் அப்படித்தான். 'கோலா' என்றால் ஆறு கூடுமிடம். 'லும்பூர்' என்றால் சேறு. தமிழில் சொல்வதானால் சேறு முன்னாலும் கூடுமிடம் பின்னாலும் வரும். நம் பள்ளிகளின் வாயிலில் தொங்கும் பலகையைப் பாருங்கள். மலாய்ப் பெயர் 'செக்கோலா' என்று தொடங்குகிறது; தமிழ்ப் பெயர் 'பள்ளி' என்று முடிகிறது.

இது பெயர்களோடு நிற்பதில்லை. கீழ்க்காணும் தொடர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

1. 'கண்ணன் மாக்கான் புவா' – கண்ணன் பழம் தின்றான். மலாயில் வினை நடுவில், தமிழில் இறுதியில்.
2. 'டி ஆத்தாஸ் மேஜா' – மேசையின் மேல். மலாயில் இடம் குறிக்கும் சொல் முன்னால், தமிழில் பின்னால்.
3. 'ரூமா குரு' – ஆசிரியர் வீடு.
4. 'போலே பெர்கி' – போக முடியும். துணைவினை மலாயில் முன்னால், தமிழில் பின்னால்.
5. 'லெபே பெசார் டாரிபாடா காஜா' – யானையைவிடப் பெரியது.
6. 'புடாக் யாங் டாத்தாங் செமாலாம்' – நேற்று வந்த பையன்.

ஆறு தொடர்கள், ஆறிலும் வரிசை மாறி நிற்கிறது. கண்ணாடிக்கு முன் நின்று வலக்கையை உயர்த்தினால் உருவம் இடக்கையை உயர்த்துவதுபோல் தோன்றுமன்றோ? அவ்வாறே இவ்விரு மொழிகளும் எதிரெதிர் நிற்கின்றன. வினை எங்கே நிற்கிறது என்பது ஒரு செய்தி. ஆசிரியர் வீடு எப்படிச் சொல்லப்படுகிறது என்பது மற்றொரு செய்தி. தொடர்பில்லாதவைபோல் தோன்றும் இவை ஏன் ஒன்றாக மாறுகின்றன? இவ்வினாவே மொழியியலில் ஒரு பெரும் ஆய்வுத்துறையைத் தோற்றுவித்தது.

இடையன்குடியில் தோன்றிய முன்னோடி

அயர்லாந்தில் 1814-இல் பிறந்த இராபர்ட் கால்டுவெல், 1838-இல் சென்னைக்கு வந்தார். 1841-இல் நெல்லைச் சீமையின் இடையன்குடியில் குடியேறினார். அவர் எழுதிய 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' 1856-இல் வெளிவந்தது. தென்னிந்திய மொழிகள் சமற்கிருதத்தின் வழிவந்தவை அல்ல என்பதை எல்லிஸ் துரை 1816-இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். அதனை விரிவான இலக்கணச் சான்றுகளோடு நிறுவியவர் கால்டுவெல். இதனை நம்மிற் பலரும் அறிவோம். 1968-இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது அவருக்குக் கடற்கரையில் சிலை எடுக்கப்பட்டதும் அதற்காகவே.

ஆனால் அந்நூலில் நாம் போதிய கவனம் செலுத்தாத ஒரு பகுதி உண்டு. திராவிட மொழிகள் இந்தோ-ஐரோப்பிய மொழிகளிலிருந்து வேறுபடும் கூறுகளை அவர் ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டுகிறார். எழுவாய் முதலிலும் முதன்மை வினை இறுதியிலும் நிற்பதைச் சொல்கிறார். பெயரடை பெயருக்கு முன்னும், வினையடை வினைக்கு முன்னும் வருவதைச் சொல்கிறார். பெயருக்கு முன்வரும் இடைச்சொற்களுக்கு மாறாகப் பின்னொட்டுகள் வருவதையும், 'வந்த பையன்' என்பது போன்ற பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன் வருவதையும் சொல்கிறார். இவையாவும் துருக்கி, மங்கோலியம் போன்ற மொழிகளிலும் உள்ளன என்பதையும் அவர் கண்டார். ஒரு பண்பு இருக்குமிடத்தில் பிறபண்புகளும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை அன்றே அவர் கண்ணுற்றார்.

ஆயினும் அங்கிருந்து அவர் வேறு முடிபுக்குச் சென்றுவிட்டார். அமைப்பு ஒத்திருப்பதால் திராவிட மொழிகள் அம்மொழிகளோடு உறவுடையவை என்று கருதி, அவற்றைச் 'சித்தியம்' என்னும் பெருங்குழுவோடு இணைத்தார். பிற்கால அறிஞர்கள் இதனை ஏற்கவில்லை. திராவிடம் இன்று தனித்த மொழிக்குடும்பமாகவே வைத்து எண்ணப்படுகிறது. கால்டுவெல் கண்ட உண்மைகள் நிலைத்தன; அவற்றிலிருந்து அவர் வருவித்த உறவு நிலைக்கவில்லை.

கிரீன்பெர்க் கண்ட ஒழுங்கு

யோசேப்பு கிரீன்பெர்க் 1915-ஆம் ஆண்டு மே 28-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். இளமையில் பியானோ இசையில் தேர்ந்திருந்த அவர், பின்னர் மானிடவியலுக்கும் மொழியியலுக்கும் வந்தார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையில் மறைகுறிச் செய்திகளை விடுவிக்கும் பணியில் இருந்தார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும், 1962 முதல் இசுடான்போர்டிலும் பேராசிரியராகப் பணியாற்றி, 2001-ஆம் ஆண்டு மே 7-இல் மறைந்தார்.

1961-ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கு மாநிலத்தின் டாப்சு பெரி என்னுமிடத்தில் ஓர் ஆய்வுக்கூட்டம் நடைபெற்றது. மொழிகளுக்கெல்லாம் பொதுவான இயல்புகள் யாவை என்பதே அதன் பொருள். அங்கே கிரீன்பெர்க் அளித்த கட்டுரை 1963-இல் நூலுள் அச்சேறியது. உலகின் பல பகுதிகளிலிருந்து 30 மொழிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றின் சொல்வரிசையை ஒப்பிட்டு, 45 பொதுமைகளை அவர் அதில் வகுத்துரைத்தார். அம்முப்பதில் தமிழ் இல்லை. திராவிடக் குடும்பத்தின் சார்பில் கன்னடம் இருந்தது. மலாய்மொழியும் இருந்தது. ஆகவே நம் பிள்ளைகளின் நாவில் நாள்தோறும் சந்திக்கும் இரு வகைகளும் அக்கட்டுரையின் பக்கங்களில் ஏற்கெனவே சந்தித்திருக்கின்றன.

எழுவாய், செயப்படுபொருள், வினை ஆகிய மூன்றையும் ஆறு வகையாக வரிசைப்படுத்தலாம். எல்லா வரிசைகளும் உலகில் சமமாகக் காணப்படவில்லை; எழுவாய் செயப்படுபொருளுக்கு முன் வரும் மூன்றே பெரும்பான்மை என்று அவர் காட்டினார். வினையை முதலில் வைப்பவை ஒருவகை. வேல்சு மொழியும் நியூசிலாந்தின் மாவோரியும் இதற்குச் சான்று. வினையை நடுவில் வைப்பவை இரண்டாம் வகை. மலாயும் இத்தாலியமும் இதில் அடங்கும். வினையை இறுதியில் வைப்பவை மூன்றாம் வகை. கன்னடம், துருக்கி, சப்பானியம், இந்தி, பர்மியம் ஆகியன இதில் அடங்கும். தமிழுக்கும் இதுவே இடம்.

இவ்வகைப்பாட்டைவிடச் சிறந்தது அவர் கண்ட தொடர்பு. "இது இருந்தால் அதுவும் இருக்கும்" என்னும் வாய்பாட்டில் அவர் தம் பொதுமைகளை அமைத்தார். நமக்கு வேண்டிய சிலவற்றை மட்டும் என் சொற்களில் தருகிறேன்.

வினை இறுதியில் வரும் மொழிகள் மிகப் பெரும்பாலும் இடத்தையும் உறவையும் குறிக்கும் சொற்களைப் பெயருக்குப் பின்னே வைக்கும். அதனால்தான் 'மேசையின் மேல்', 'வீட்டிலிருந்து' என்கிறோம்.

அத்தகைய மொழிகளில் எண்ணும் இடமும் காட்டும் துணைவினை முதன்மை வினைக்குப் பின்னே வரும். 'எழுதிக்கொண்டு இருக்கிறான்' என்பதில் 'இருக்கிறான்' இறுதியில் நிற்பது இதனால்தான்.

அத்தகைய மொழிகள் ஏறத்தாழ எப்போதும் வேற்றுமை உருபுகளை உடையவை. எழுவாயும் செயப்படுபொருளும் வினைக்கு முன்னரே அடுத்தடுத்து நிற்பதால், எது எதுவென வேறுபடுத்த அடையாளம் பயன்படுகிறது. தொல்காப்பியர் வேற்றுமைக்கென இயல்கள் வகுத்திருப்பதன் அருமையை இவ்விடத்தில் நாம் உணரலாம்.

30 மொழிகள் என்பது சிறுதொகை என்பதைக் கிரீன்பெர்க்கும் அறிவார். தம் முடிபுகளைத் தற்காலிகமானவை என்றே அவர் முன்வைத்தார். பின்வந்தோர் அதனை விரிவாகச் சோதித்தனர். மேத்யூ டிரையர் 1992-இல் 625 மொழிகளைக் கொண்டு ஆராய்ந்து, பெரும்பாலான தொடர்புகள் உறுதியானவை என்றும், பெயரடையின் இடம் மட்டும் வினையின் இடத்தைப் பொறுத்தது அன்று என்றும் காட்டினார். இதற்குச் சான்று நம்மிடமே உண்டு. மலாயும் ஆங்கிலமும் வினையை நடுவில் வைப்பவை. எனினும் மலாயில் 'ரூமா பெசார்' என்று பெயரடை பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் தமிழைப் போலவே அது முன்னால் வருகிறது.

யார் தலைகீழ்?

இனி முதற்கருத்துக்கு வருவோம். உலக மொழியமைப்பு வரைபடத் தொகுதியின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் டிரையர் 1,376 மொழிகளின் சொல்வரிசையைப் பட்டியலிட்டுள்ளார். அவற்றுள் தமிழைப்போல் வினையை இறுதியில் வைத்து, எழுவாயை முதலில் வைப்பவை 564. மலாய், ஆங்கிலம், சீனம் போல் வினையை நடுவில் வைப்பவை 488. வினையை முதலில் வைத்து எழுவாயை அடுத்து வைப்பவை 95. எஞ்சியவை பிற வரிசைகளும், ஒரு வரிசை மேலோங்கி நில்லாத மொழிகளும் ஆகும்.

பெற்றோர்களே, கணக்கைப் பாருங்கள். உலகில் மிகுதியான மொழிகள் பின்பற்றும் வரிசை தமிழின் வரிசையே. கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மைச் சூழ்ந்துள்ள பெரிய மொழிகள் மூன்றும் வினையை நடுவில் வைப்பதால், நம் பிள்ளைகளுக்குத் தமிழ் மட்டும் தனித்து நிற்பதுபோல் தோன்றுகிறது. அது சூழலின் விளைவே தவிர, தமிழின் குறையன்று. பெரும்பான்மை என்பதால் தமிழ் வரிசை உயர்ந்தது என்பதும் இல்லை. எந்த வரிசையும் மற்றொன்றைவிட அறிவுக்கு நெருக்கமானது அன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீனமொழி வினையை நடுவில் வைப்பதாயினும் 'நேற்று வந்த பையன்' என்பதைத் தமிழ் போலவே 'நேற்று வந்த' என்பதை முன்வைத்துத்தான் கூறும். ஆகவே எந்த மொழியையும் நேர் என்றோ தலைகீழ் என்றோ ஒரே சொல்லில் அடக்கிவிட இயலாது.

ஒப்புமை வேறு, உறவு வேறு

இரண்டாம் கருத்து இதனினும் கவனத்திற்குரியது. ஏனெனில் நம் மாணவர்கள் அதனை மேடைகளில் கேட்டு அப்படியே கட்டுரைகளில் எழுதுகிறார்கள்.

சப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் சப்பானியத்துக்கும் உறவு உண்டென வாதிட்டவர். யாழ்ப்பாணத்து அறிஞர்களோடும் தமிழ்நாட்டு அறிஞர்களோடும் சேர்ந்து உழைத்தவர். அவர் வாக்கிய அமைப்பை மட்டுமன்றிச் சொல்லொப்புமைகளையும் முன்வைத்தார். அவர் உழைப்பு மதிக்கத்தக்கது. எனினும் மொழியியலாரிற் பெரும்பாலோர் அவர் முடிபை ஏற்கவில்லை. நம் மேடைகளிலோ அவர் காட்டிய சொல்லாய்வும் இல்லை. வாக்கிய வரிசை ஒன்றே போதிய சான்றாகக் காட்டப்படுகிறது. கால்டுவெல் இடறிய அதே இடம் இது.

சொல்வரிசை உறவுக்குச் சான்றாகாது என்பதை எளிதில் காட்டலாம். இந்தியும் ஆங்கிலமும் ஒரே குடும்பம், வரிசையோ வேறு. தமிழும் இந்தியும் வேறுவேறு குடும்பம், வரிசையோ ஒன்று. மலாயின் உறவுமொழிகளான மாவோரியும் மடகாசுகர்த் தீவின் மலகாசியும் வினையை முதலில் வைக்கின்றன. மலாயோ நடுவில் வைக்கிறது. உடன்பிறந்தார் உடை மாறி நிற்கலாம். அயலார் ஒரே உடையில் வரலாம். உடையைக் கொண்டு குருதியை அறிய இயலுமா?

அவ்வாறாயின் உறவை எதனால் அறிவது? ஒலிகளின் ஒழுங்கான மாற்றத்தால் அறிவது. தமிழில் 'பல்', கன்னடத்தில் 'ஹல்லு'. தமிழில் 'பால்', கன்னடத்தில் 'ஹாலு'. தமிழில் 'பாம்பு', கன்னடத்தில் 'ஹாவு'. தமிழின் முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாக மீண்டும் மீண்டும் மாறி நிற்கிறது. அடிப்படைச் சொற்களில் இத்தகைய ஒழுங்கு நூற்றுக்கணக்கில் கிடைக்கும்போதுதான் உறவு உறுதியாகிறது. தனிச்சொற்கள் சில ஒத்திருப்பதும் போதாது. மலாயின் 'கெடாய்' நம் கடையிலிருந்தும், 'கப்பால்' நம் கப்பலிலிருந்தும் சென்றவை. வணிகத்தால் சென்ற சொற்கள் அவை. அவற்றைக் கொண்டு மலாயைத் தமிழின் மகள் என்று எவரும் கூறுவதில்லை.

தமிழின் பெருமைக்கு இரவல் உறவுகள் தேவையில்லை. தனிநாயகம் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் 1961 முதல் 1969 வரை பேராசிரியராக இருந்தவர். 1964-இல் புதுதில்லியில் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெறவும் முன்னின்று உழைத்தவர். பல நாட்டு அறிஞர்கள் கூடித் தமிழை ஆய்வுக்கண் கொண்டு நோக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அம்மாநாடு நடந்த மண்ணில் ஆசிரியராயிருக்கும் நமக்குச் சான்றின்றிப் பேசாதிருக்கும் கடமை கூடுதலாகவே உண்டு.

வகுப்பறைக்கு என்ன பயன்?

ஆசிரியர்களுக்கு என் பணிவான பரிந்துரைகள் சில.

முதலாவது, மலாய்த் தொடரையும் தமிழ்த் தொடரையும் கரும்பலகையில் மேலும் கீழுமாக எழுதி, ஒத்த சொற்களைக் கோடிட்டு இணைக்கச் செய்யுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதை மாணவர்கள் தாமே காண்பார்கள். 'தவறு' என்று சிவப்பு மையால் கோடிடுவதைவிட இது நன்கு மனத்திற் பதிகிறது.

இரண்டாவது, பெயரெச்சத்தைத் தனியே பயிற்றுங்கள். 'ஒரு பையன், யார் நேற்று வந்தானோ, அவன்' என்று எழுதும் மாணவர் மலாயின் 'யாங்' அமைப்பைத் தமிழில் எழுதுகிறார். அவருக்கு அறிவுக்குறை இல்லை; ஒரு மொழியின் விதியை மற்றொரு மொழியில் செலுத்துகிறார். 'நேற்று வந்த பையன்' என்பதை எடுத்துக்காட்டுகளால் பழக்கினால் போதும்.

மூன்றாவது, வேற்றுமை உருபை வலியுறுத்துங்கள். 'புலி கொன்ற யானை' என்னும் பழைய இலக்கண எடுத்துக்காட்டை வகுப்பில் வினவுங்கள். கொன்றது புலியா, யானையா? 'புலியைக் கொன்ற யானை' என்று ஓர் உருபைச் சேர்த்தவுடன் ஐயம் நீங்குகிறது. உருபு தெளிவாயிருந்தால் வரிசையைச் சற்று மாற்றினாலும் பொருள் கெடுவதில்லை. செய்யுளில் சொற்கள் இடம் மாறி வருவதும், அதற்கென நன்னூலார் எட்டுவகைப் பொருள்கோள் கூறியதும் இதனாற்றான்.

நான்காவது, தொடக்கநிலை மாணவர்க்கு நெடிய வாக்கியங்களைத் தவிருங்கள். வினை இறுதியில் வருவதால், அது வரும்வரை முன் வந்தவற்றையெல்லாம் பிள்ளை நினைவிற் சுமக்க வேண்டியிருக்கிறது. குறுவாக்கியத்தில் தொடங்கி, எச்சங்களைச் சேர்த்துப் படிப்படியாக நீட்டலாம்.

பெற்றோர்க்கு ஒரே வேண்டுகோள். பிள்ளை 'நான் போனேன் கடைக்கு' என்று சொன்னால் நகையாதீர்கள். 'ஓ, நீ கடைக்குப் போனாயா?' என்று சரியான வரிசையில் திருப்பிக் கூறுங்கள். பிள்ளையின் செவி எஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும். ஒரே நாளில் வினையை நடுவிலும் இறுதியிலும் வைத்துப் பேசும் பிள்ளை குழம்பிய பிள்ளையன்று. உலக மொழிகளின் இருபெரும் வகைகளை ஒருங்கே ஆளும் பிள்ளை.

நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள. அவற்றில் பயிலும் ஒவ்வொரு பிள்ளையும் இந்த ஆற்றலோடுதான் நாள்தோறும் பள்ளிக்கு வருகிறது. அதைச் சுமையெனக் கருதாமல் செல்வமெனக் கருதிப் பேணுவோம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்